அடித்தது கையை அல்ல, இலையை

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வரி விளம்பரம், கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன நாய்க்குட்டி உட்பட ஒன்று விடாமல் படித்துவரும் வாசகியும், மண் டாக்டரின் பாட்டியுமாகிய நான் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்களிடம் வேலை பார்ப்பவர்களும், தினமும் காலையில் பத்திரிகையை எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் குறி பார்த்து எறிந்துவிட்டுப் போகிறவர் உட்பட எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், போன செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே, "மண் கண்காட்சியில் கைகலப்பு: ஒப்பந்ததாரரை அடித்தார் பெண் ஊழியர்" என்று ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ஐயா, முதலாவது, அவள் ஊழியர் இல்லை, டாக்டர். இரண்டாவது, கைகலப்பு என்றால் இரண்டு பேர் கையும் கலக்க வேண்டும். அந்த மனிதர் "ஆ" என்று சொன்னதைத் தவிர வேறு எதையும் கலக்கவில்லை. மூன்றாவது, கூடவே போட்டிருந்த புகைப்படத்தில் ஒப்பந்ததாரரின் முதுகு முழுசாக விழுந்திருக்கிறது, அவருக்குப் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் அரைப் புடவை தெரிகிறதே, அது நான். மீதி அரையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து எடுத்திருந்தால் உங்கள் படத்துக்கும் ஒரு களை வந்திருக்கும். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தச் செய்தியால் இப்போது வந்திருக்கும் வினையைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. மரம் இருக்கிறது, புல் இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீரை அது குடித்துவிடும். அதைச் சிமெண்ட் போட்டு மூடிக் கார் நிறுத்துகிற இடமாக்கலாமா வேண்டாமா என்று வருகிற வாரம் நகராட்சிக் கூட்டத்தில் கை தூக்கப் போகிறார்கள். கை தூக்குவதற்கு முன்னால் என் பேத்தி பேச வேண்டும், அவளை விட்டால் அந்த மைதானத்துக்காகப் பேச வேறு ஆள் இல்லை. இந்த நேரத்தில், அந்தச் சிமெண்ட் வேலையை எடுக்கக் காத்திருக்கிற ஒப்பந்ததாரர் உங்கள் செய்தியைக் கத்தரித்து, பிரதி எடுத்து, உறுப்பினர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், "ஆள அடிக்கிற பொண்ண மேடையில ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறார். ஆகவே நடந்தது நடந்தபடி தங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் நிருபர் அடி விழுந்த சத்தத்தைக் கேட்டதும் தன் வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஐயா விஷயமே.

என் பேத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம்தான். அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மண்ணுக்கு டாக்டர். பட்டம் வாங்கிய அன்றைக்கு நான் எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, "எங்க வீட்ல டாக்டர் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு டாக்டர் என்று சொல்ல நேரமில்லை, படி நிறைய. மறுநாள் காலையில் முதல் மாடித் தையல்காரர் காதைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவள் அவரை விரட்டவில்லை. அவர் வீட்டு வாசலில் இருந்த செடித் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்து, "அண்ணே, உங்க காதுக்கு வேற டாக்டரப் பாருங்க. ஆனா இந்தத் தொட்டிக்கு மூச்சு முட்டுது, அடியில ஓட்டை போடுங்க" என்றாள். அவர் ஓட்டை போட்டார். செடி பிழைத்தது. காதும் தானாகவே சரியாகிவிட்டது. அந்தப் பெருமையையும் நான் இவள் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன், அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த மைதானத்து விவகாரம் கிளம்பியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். பல நாடுகளில் தன்னைப் போலவே மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிற சிநேகிதர்களிடம் சொல்லி, அங்கே நோய்ப்பட்டுக் கிடக்கும் மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சம், எல்லா அனுமதியும் வாங்கி, வரவழைத்தாள். குடியிருப்புச் சங்கத்துக் கூடத்தில் மேசை போட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவு தட்டுகளில் பரப்பி வைத்தாள். நகராட்சித் தலைவரம்மாவும் உறுப்பினர்களும் வந்து பார்க்க வேண்டும், மண் எப்படியெல்லாம் சாகும் என்று தெரிந்துகொண்டு பிறகு சிமெண்டைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. தட்டுகளுக்குப் பக்கத்தில் நாட்டின் பேரும் நோயின் பேரும் எழுதியிருந்தாள், எதுவும் என் வாயில் நுழையவில்லை. ஆகவே நானே பேர் வைத்துக்கொண்டேன். ஒருத்தன் வெளுப்பன். வடிய வழி இல்லாத வயலில் தண்ணீரைக் கட்டிக் கட்டி நிறுத்தி, தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் மேலே படிந்து, உடம்பெல்லாம் வெள்ளை பூத்தவன். இன்னொருத்தன் கல்நெஞ்சன். கனமான யந்திரங்கள் ஏறி ஏறி மிதித்ததில் இறுகிப்போய், விரல் வைத்தால் விரல் வலிக்கும். மொட்டையன், மலைச்சரிவில் மரத்தையெல்லாம் வெட்டிய பிறகு மேல்மண் மழையோடு கடலுக்குப் போய்விட, மிச்சமிருந்தவன். ஜிகினா என்று ஒருத்தி, வயலில் விரித்த பிளாஸ்டிக் தாள் கிழிந்து மக்காமல் பொடிப்பொடியாக உடம்பெல்லாம் மினுக்கிக்கொண்டிருப்பாள். மாத்திரை என்று ஒருத்தன், வருஷக்கணக்காக உரத்தை மட்டும் போட்டு, ஒரு இலை தழை கூடக் கொடுக்காததால் சாம்பல் மாதிரி உதிர்ந்துபோனவன். மூச்சடைச்சான், சிமெண்டுக்கு அடியில் கிடந்து தோண்டி எடுக்கப்பட்டவன், நீலம் பாரித்து ஒரு மாதிரி வாடை அடிக்கும். கடைசியில் ஒருத்தன், நல்ல கறுப்பு, நல்ல மினுமினுப்பு, பார்க்க ஒரு குறையும் சொல்ல முடியாது. பழைய பேட்டரித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் எடுத்ததாம், உள்ளே முழுக்க ஈயம். அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன்.

தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, விருந்தாளிகள் வரும் நாளுக்கு இன்னும் அவகாசம் இருந்ததால், அவள் வேறொரு ஊரில் பாடம் எடுக்கக் கிளம்பினாள். கூடத்துச் சாவியை என் கையில் கொடுத்து, "பாட்டி, யாரும் தொடாமப் பாத்துக்கோ" என்றாள். நான் பார்த்துக்கொண்டேன் ஐயா. ஒருத்தரையும் அண்டவிடவில்லை. "யாரும்" என்பதில் சொந்தப் பாட்டி சேர்த்தியா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தினமும் போய்க் கதவைத் திறந்து அந்தத் தட்டுகளைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மண்ணுக்காக இல்லை, உண்மையைச் சொல்கிறேன், என் பேத்திக்காக. யோசித்துப் பாருங்கள். ஒரு டாக்டர் இருக்கிறாள். பெரிய மனிதர்களை வரவழைக்கிறாள். வந்து பார்த்தால் மேசை நிறைய நோயாளிகள். ஒருத்தனாவது எழுந்து உட்கார்ந்திருக்கிறானா? இல்லை. ஒருத்தனாவது தேறி வருகிறானா? இல்லை. எல்லாம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பார்க்கிறவர்கள் மண்ணைப் பற்றியா பேசுவார்கள்? "இது என்ன டாக்டர், கைபட்டது ஒண்ணுகூடப் பொழைக்கலையே" என்றுதானே பேசுவார்கள்? நான் கட்டடம் முழுக்கக் கதவு தட்டிச் சொல்லிவிட்டு வந்த பெருமை என்ன ஆவது? ஆகவே அவள் திரும்பி வருவதற்குள் என்னால் முடிந்தவரை குணப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். மொட்டை மாடியில் ஒரு பீப்பாய் நிறைய எரு வைத்திருக்கிறேன், காய்கறித் தோலும் காய்ந்த இலையுமாக வருஷக்கணக்காகச் சேர்த்து மக்கவைத்தது, யாருக்கும் ஒரு பிடி கொடுத்ததில்லை. அதைக் கீழே இறக்க ஆள் வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடி திருப்பத்திலும் நின்று, யாராவது ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகருவார். பழக்கதோஷம்.

வைத்தியம் நடந்தது. வெளுப்பனைக் கழுவ வேண்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அது மேசையிலிருந்து இறங்கி, கதவுக்கு அடியில் புகுந்து, நடைபாதையில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு போனது. கட்டடத்துத் தொட்டி காலியாகி, நாலாவது மாடியிலிருந்து யாரோ தலையில் சோப்போடு கத்தினார்கள். அது யார் என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. கல்நெஞ்சனைச் சுத்தியலால் உடைத்தோம். ஜிகினாவுக்குக் கீழ்வீட்டு அழகு நிலையத்துப் பெண்ணிடம் புருவம் எடுக்கிற இடுக்கி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. ஆள் வைத்துப் பொறுக்கினாலும் தீராது என்று தெரிந்ததும் மேலே எருவைப் போட்டு மூடிவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை போலத் தெரிந்தது, இருந்தாலும் அவன் மட்டும் முகம் வாட வேண்டாம் என்று அவனுக்கும் இரண்டு கை எரு. எல்லாத் தட்டிலும் கீரை விதை தூவினேன். பீப்பாயிலிருந்து ஆளுக்கொரு மண்புழு குடிவைத்தேன். மற்றதெல்லாம் அடங்கிவிட்டது, வெளுப்பன் தட்டில் விட்ட புழு மட்டும் திரும்பத் திரும்ப வெளியே வந்தது. நானும் திரும்பத் திரும்ப உள்ளே விட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அக்கா, எறங்கணும்னு சொல்ற பயணியப் பிடிச்சு உக்கார வைக்கக் கூடாது" என்றார்.

"நீங்க வாளியப் பிடிங்க" என்றேன்.

ஐயா, விதை முளைத்தது. ஒரு தட்டு பாக்கியில்லை, பச்சைப்பசேல் என்று. நான் ஒவ்வொரு தட்டுக்கும் மேலே வெள்ளைத் துணி போர்த்தி, ஓரத்தை மடித்துவிட்டேன். பேத்தி வந்து சேர்ந்தது விருந்தாளிகள் வாசலில் இறங்குகிற நேரம். பைகூட இறக்கவில்லை. "எல்லாம் பத்திரமா பாட்டி?" என்றாள். "பத்திரத்துக்கு மேலயே இருக்கு" என்றேன். அவள் நேராக மேசைக்குப் போய், தலைவரம்மாவுக்கு வணக்கம் சொல்லி, என்ன அழகாகப் பேசினாள் தெரியுமா, மைக் இல்லாமல், தாள் இல்லாமல். "நாம சாப்பிடறதுல பெரும்பங்கு இந்த மேல் மண்ணுலருந்துதான் வருது. ஒரு விரல்கடை மண்ணு உண்டாக நூத்துக்கணக்கான வருஷம் ஆகும். உலகம் பூரா அது இப்ப எப்படிச் செத்துக்கிட்டு இருக்குன்னு பாருங்க" என்று சொல்லி, முதல் துணியை எடுத்தாள். கீரை. இரண்டாவது துணியை எடுத்தாள். கீரை. மூன்றாவதை எடுக்கும்போது புழு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. கூடத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். என் பேத்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று நினைத்து, "நான்தான் தண்ணி ஊத்தி வளத்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லித் தலையாட்டினேன்.

அப்போதுதான் ஒப்பந்ததாரர் எழுந்து வந்தார். அவருக்குக் கல்யாண வீட்டில் பெரிய தவலை வைத்த மாதிரி ஒரு உடம்பு. மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் பாதித் தட்டுகள் மறைந்துவிட்டன. "டாக்டரம்மா, இதான் சாகற மண்ணா? எங்க வீட்டுத் தோட்டத்தவிட நல்லா இருக்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தலைவரம்மா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா தலைவரம்மா, ஒரு கெழவி நாலு வாளி தண்ணி ஊத்தினதும் மண்ணு எந்திரிச்சு உக்காந்துருச்சு. இதுக்கா உலகம் அழியுதுன்றாங்க? மைதானத்துல சிமெண்டப் போடுவோம். வேண்டாம்னா நாளைக்கு ஒடச்சுட்டுத் தண்ணி ஊத்திக்கலாம். அதுவும் வரலையா, மண்ணுதானே, லாரியில வேற மண்ணு கொண்டாந்து கொட்டிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டிலிருந்து கொத்தாகக் கீரையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனார். "கைய எடுங்க!" என்று என் பேத்தியின் சத்தம். பட்டென்று ஒரு அடி. கீரை பறந்துபோய், தலைவரம்மாவோடு வந்திருந்த நகராட்சித் துணை ஆணையரின் மடியில் விழுந்தது. உங்கள் நிருபரின் காமிரா மின்னியது.

இந்த இடத்தைத்தான் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அவர் கிள்ளியது மாப்பிள்ளைத் தட்டிலிருந்து. உள்ளே ஈயம் இருக்கிற மண்ணின் கீரை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் முதுகு மறைத்ததால் நான் கண்ணால் பார்க்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் என் பேத்தியை எனக்குத் தெரியும். காரணமில்லாமல் கை ஓங்குகிற பிறவி இல்லை அவள். சின்ன வயதில் தன் பென்சிலைப் பிடுங்கியவளைக்கூட அடிக்காமல், இன்னொரு பென்சிலையும் கொடுத்துவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவள் அடித்தாள் என்றால், விஷம் ஒரு மனிதரின் வாய்க்குள் போகப் போகிறது என்றுதான் அர்த்தம். ஆகவே அது மாப்பிள்ளைத் தட்டுதான். கண்ணால் பார்த்ததைவிட இது உறுதி. ஆகவே ஐயா, அவள் அடித்தது கையை அல்ல, இலையை. கை வழியில் இருந்தது, அவ்வளவுதான். உயிரைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்வதை விட்டுவிட்டு அந்த மனிதர் செய்தித்தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு அலைகிறாரே, இது அடுக்குமா?

நிருபர் போன பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் பேத்தி கையை உதறிக்கொண்டு, என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாட்டி, இங்க வா. எவ்வளவு எரு போட்ட?" என்றாள். இப்படி ஒரு சபையில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு போய், "பீப்பா மொத்தமும்" என்றேன். "சேக்க எத்தனை வருஷமாச்சு?" "உனக்குப் பல்லு விழுந்து மொளச்ச காலத்துலருந்து." "தண்ணி?" "கட்டடத்துத் தொட்டி காலி" என்று எதிர்வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னார். "அந்த எருவுக்கு இலை தழை எங்கேருந்து வந்துச்சு?" "எங்கேருந்து வரும், பின்னால மைதானத்து மரத்துலருந்துதான்." தலைவரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேத்தி கல்நெஞ்சன் தட்டிலிருந்து ஒரு கீரையை வேரோடு இழுத்தாள். ஐயா, அது ஏதோ பாயிலிருந்து உரித்த மாதிரி வந்தது. வேர் முழுக்க என் எருவுக்குள்தான் ஓடியிருந்தது. கீழே இறங்கப் பார்த்து, முடியாமல், குறுக்கே மடங்கிக் கிடந்தது. நாங்கள் சுத்தியலால் உடைத்த மண் தண்ணீர் பட்டதும் மறுபடியும் இறுகிப் பாறையாகிவிட்டிருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தட்டிக் காட்டினாள், கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. "இந்தச் செடி மண்ணுல நிக்கல, என் பாட்டி மேல நிக்குது. இத்தனை வருஷம் சேத்தத மொத்தமா கொட்டினா சில தட்டுக்கு மேல் பூச்சு பூச முடியும், சில நாளைக்கு. இந்தத் தட்டு எந்த வயல்லருந்து வந்துச்சோ அந்த வயலுக்கு யார் வீட்டு மாடியில எரு இருக்கு? யார் வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கு? கெடுக்கறது சுலபம், திருப்பிக் கொண்டாரதுக்கு ஒரு தலைமுறை வாழ்ந்து முடிக்கணும். நம்ம மைதானம் இன்னும் கெடல. அது நோயாளி இல்ல. வைத்தியம் வேண்டாம், விட்டா போதும்" என்றாள். நான் குணப்படுத்தினேன் என்று நினைத்தது எல்லாம் போர்வை போர்த்தியதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனால் வருத்தம் வரவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை அந்த இடத்திலேயே பிடித்து, திருப்பி, தன் பேச்சுக்குப் படியாகப் போட்டு ஏறினாளே, அதைப் பார்த்துப் பெருமைதான் வந்தது. தலைவரம்மா எழுந்து, தட்டைத் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இதையே கூட்டத்துல வந்து சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது என் கையையும் பிடித்தார். இதெல்லாம் உங்கள் பத்திரிகையில் இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே ஐந்தாம் பக்கத்தில், மெத்தைக்கு மேலே, "அடித்தது கையை அல்ல, இலையை" என்று தலைப்புப் போட்டு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் வந்து பிரயோஜனமில்லை. "பெண் ஊழியர்" என்பதை "மண் டாக்டர்" என்று மாற்ற வேண்டும். என் பேரெல்லாம் போட வேண்டாம், "அவருடைய பாட்டி" என்று போட்டால் போதும், அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டியதில்லை. புகைப்படத்தின் மீதி அரை உங்கள் நிருபரிடம் இருந்தால் நன்று. இல்லையென்றால் வரச் சொல்லுங்கள், நான் வீட்டில்தான் இருக்கிறேன், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தாங்கள் என் மகன் வயதாகவோ பேரன் வயதாகவோ இருக்கலாம். எந்த வயதானாலும் என் ஆசி உண்டு. தங்கள் பேனா உலராமல் இருக்கட்டும், பத்திரிகை பல்கிப் பெருகட்டும், வீட்டில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், யாராவது ஒரு பிள்ளை மண் படிப்புப் படிக்கட்டும், இருக்கிற வீட்டுக்கு முன்னால் ஒரு முழமாவது சிமெண்ட் படாத இடம் தங்களுக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகியும்
மண் டாக்டரின் பாட்டியும்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். நாவால் ஈரம் பண்ணி உறையை ஒட்டப் போகும்போது பேத்தி வேலை முடிந்து வந்தாள். ஒரு கால் செருப்போடு நின்றபடியே முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "பாட்டி, அது மாப்பிள்ளைத் தட்டு இல்ல. வெளுப்பன்" என்றாள்.

"என்னது?"

"அவர் கிள்ளினது உப்பு மண் தட்டுலருந்து. தின்னிருந்தா கொஞ்சம் கரிச்சிருக்கும், துப்பிட்டுப் போயிருப்பாரு. அவ்வளவுதான்."

"அவசரத்துல உனக்குத் தட்டு மாறித் தெரிஞ்சிருக்கும்."

"நல்லாத் தெரிஞ்சுது பாட்டி. எந்தத் தட்டு எதுன்னு எனக்கா தெரியாது?"

"அப்ப எதுக்குடி அடிச்ச?"

"கோவம்" என்றாள்.

ஐயா, எனக்காகத்தான் கோபப்பட்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. "என்னைக் கெழவின்னு சொன்னதுக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கில்ல."

"அதுக்கும் கொஞ்சம் இருக்கும், நல்லா யோசிச்சுப் பாரு."

"இல்ல பாட்டி. லாரியில வேற மண்ணு கொண்டாந்து கொட்டிக்கலாம்னாரே, அதுக்கு. எங்கேருந்து கொண்டாருவாரு? இன்னொரு எடத்தத் தோண்டித்தானே? அதக் கேட்டதும் கை தானா போயிருச்சு. போனது தப்பு."

கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். நீ எழுதினது அப்படியே போகட்டும், நான் சொன்னதையும் கீழே எழுதி அனுப்பு என்கிறாள். "எழுதினா உன்னைக் கூட்டத்துல பேச விடமாட்டாங்களேடி" என்றேன். "விடலைன்னா கல்நெஞ்சனக் கொண்டுபோய் மேசையில வெச்சுட்டு வெளியில நிக்கறேன். தட்டிப் பாக்கறவங்க பாக்கட்டும். நான் நல்லவளான்னு கேட்டு மண்ணு கெடப்போகுதா, கெடாம இருக்கப்போகுதா?" என்றாள். ஆகவே ஐயா, தங்கள் நிருபர் எழுதியது உண்மை. அவள் அடித்தாள், கையைத்தான் அடித்தாள், கோபத்தில்தான் அடித்தாள். திருத்தம் வேண்டாம். "பெண் ஊழியர்" என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள், அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்போது அவள் ஒப்பந்ததாரர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன். மன்னிப்புக் கேட்க இல்லை, அதற்கு அவள் ஒருத்தி போதும். அவர் தோட்டத்து மண் எங்கள் தட்டு மண்ணைவிட மோசம் என்று அவர் வாயாலேயே சபையில் சொன்னார் அல்லவா, பாவம், அதற்கு என்ன கேடு என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பீப்பாயைச் சுரண்டியதில் அரை வாளி எரு தேறியது. எதிர்வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கிறார்.